மதுவம் காக்கும் மரபுச் செல்வம்

வன்னியிலே சுண்ணாம்பு தடவிய முட்டியைப் பனம்பாளையிற் கட்டினால் கருப்பநீர் கிடைக்கும். சுண்ணாம்பின்றிக் கட்டினால் அதே சாறு சில மணி நேரத்திற் கள்ளாகிவிடும். சாற்றைக் கள்ளாக்குவதும், அக்கள் விட்டுக் கரைத்த அப்பமாவைப் பொங்கச் செய்வதும் மதுவம் என்னும் ஒற்றைக்கல உயிரே. அதனுள்ளே நடைபெறும் ஒரு காவற்பணி மனிதரின் புற்றுநோய்க்கும் விளக்கம் தந்தது.

நல்லுணவு வாய்த்தால் மதுவக்கலம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகும். பிரியுமுன் தன் மரபுச் செய்தி முழுவதையும் அது படியெடுத்தல் வேண்டும். அச்செய்தி பதினாறு நிறமூர்த்தங்களில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் எழுத்துகளாக அமைந்துள்ளதென 1996 இல் அறிஞர் கண்டனர். எழுத்துக்கோக்கும் நொதியம் தனித்து நின்றால் இலட்சத்துக்கு ஓரெழுத்தளவில் தவறும். ஒரே பிரிவிலே நூற்றுக்கு மேற்பட்ட பிழைகள் நேரும். ஆயினும் எஞ்சும் பிழையோ பல நூறு கோடி எழுத்துகளுக்கு ஒன்றே. இஃது எவ்வாறு இயலுகின்றது?

புரதங்களின் கூட்டுறவே காரணம். ஆறு புரதங்கள் கைகோத்து வளையமாகித் துணைப் புரதங்களின் உதவியோடு டி.என்.ஏ. யின் இரட்டை இழையைப் பிரிக்கின்றன. மூன்று கூறுகளாலான இன்னொரு வளையம் இழையைச் சூழ்ந்து நின்று, நொதியம் நழுவாமற் பிடித்துக்கொள்கின்றது. நொதியம் பிழையெழுத்தைத் தானே பின்வாங்கி நீக்கும். அதற்கும் தப்பியதை எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6 என்னும் இணைப்புரதங்கள் கண்டுபிடிக்கும். உடனே அப்பகுதி வெட்டப்பட்டுத் திருத்தி எழுதப்படும்.

இழையே சேதமுற்றால் யாது நிகழும்? 1988 இல் வைனெர்ட், ஹார்ட்வெல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் மதுவத்தைக் கதிர்களாற் சேதப்படுத்தினர். இயல்பான கலங்கள் பிரிவதை நிறுத்திப் பழுதைச் சீர்செய்தன. ராட் 9 என்னும் பரம்பரையலகு இல்லாதவையோ நில்லாமற் பிரிந்து மடிந்தன. பொறுத்துச் செல்லுமாறு பணிக்கும் காவலனும் வேண்டுமென்பது தெளிவாயிற்று. ஹார்ட்வெல் கலவட்ட ஆய்வுகளுக்காக 2001 இல் நோபெல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

எம்.எஸ்.எச். 2 மனிதரிடத்தும் உண்டு. அது பழுதுற்ற குடும்பங்களிற் பெருங்குடற் புற்றுநோய் வழிவழியாக வருவது 1993 இல் அறியப்பட்டது. இன்று அத்தகைய குடும்பத்தினரை முற்கூட்டியே இனங்கண்டு, காலந்தோறும் குடலைப் பரிசோதித்து, நோய் முற்றுமுன் தடுக்க இயலுகின்றது.

கள்முட்டியின் நுரைக்குள்ளே ஓயாது நிகழும் பிழைதிருத்தமே மனித உடலிலும் நிகழ்கின்றது. சிற்றுயிரென்று ஒதுக்காது அதனை ஆராய்ந்தமையாலன்றோ உயிர்காக்கும் இவ்வறிவு கிட்டியது!