கை மறக்காது, குப்பிதான் மாறிவிட்டது

கல்யாணம், பிரசவம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டில் படுத்துவிட்ட பெரியவர்கள் என்று ஏதோ ஒன்றுக்காக வேலையை விட்ட பெண்கள் நம் ஊரில் எல்லாத் தொழிலிலும் உண்டு. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாமல் தங்கள் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கென்று நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இடைவெளி விழுவதில் வியப்பில்லை. நெயில் டெக்னீசியனாக இருந்த ஒருவர் ஐந்தாறு வருடம் கழித்துத் திரும்ப நினைக்கும்போது அவருக்கு இரண்டு பயம் வருகிறது. கை பழைய வேகத்தில் ஓடுமா? இன்ஸ்டாகிராமில் சின்னப் பெண்கள் போடும் டிசைனெல்லாம் நமக்கு வருமா? இந்தப் பயத்தை நம்பித்தான் இரண்டு நாள், மூன்று நாள் 'அட்வான்ஸ்டு நெயில் ஆர்ட்' வகுப்புகள் நடக்கின்றன. என்னைக் கேட்டால், பயப்பட வேண்டிய இடம் வேறு. ஃபைலைப் பிடிக்கும் கோணம், க்யூட்டிக்கிளைத் தள்ளும் அழுத்தம், பிரஷ் நுனியில் எடுக்கும் அக்ரிலிக் உருண்டையின் அளவு எல்லாம் கைப்பழக்கம். பயிற்சி விரலை வைத்துக்கொண்டு சில வாரம் உட்கார்ந்தால் திரும்பி வந்துவிடும். தானாகத் திரும்பாதது, குப்பிக்குள் இருப்பதைப் பற்றிய அறிவு. ஏனென்றால் அதில் இப்போது இருப்பது பழைய சரக்கு இல்லை.

இந்தத் தொழிலின் மூலப்பொருள் பல் மருத்துவரின் மேசையிலிருந்து வந்தது. 1950களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், உடைந்துபோன தன் நகத்தைப் பல் கட்டும் அக்ரிலிக்கால் சரிசெய்துகொண்டதுதான் அக்ரிலிக் நகத்தின் தொடக்கம் என்பார்கள். ஆரம்பத்தில் பயன்பட்ட திரவம் மீத்தைல் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக எம்.எம்.ஏ. விலை குறைவு, இறுகினால் அப்படி இறுகும். எங்காவது இடித்துக்கொண்டால் ஒட்டுநகம் உடையாது, அடியிலிருக்கும் சொந்த நகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். புகார்கள் குவியவே, 1970களில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நீதிமன்றம் வரை போய், முழுக்க எம்.எம்.ஏ.வாக இருந்த பொருட்களைச் சந்தையிலிருந்து எடுக்க வைத்தது. அந்த இடத்துக்கு ஈத்தைல் மெத்தாக்ரிலேட் வந்தது. பிறகு 2010இல் சி.என்.டி. நிறுவனம் 'ஷெல்லாக்' ஜெல் பாலிஷை இறக்கியதும் இரண்டு வாரம் பளபளப்பு மங்காத பாலிஷுக்கு உலகமே பழகிப்போனது. பின்னாலேயே பில்டர் ஜெல், பாலிஜெல், நகத்தை முழுதாக மூடும் சாஃப்ட் ஜெல் டிப்ஸ் எல்லாம் பரவின. அக்ரிலிக்கில் கை பழகி 2015 வாக்கில் கடையை விட்டவர் திரும்பி வந்து உட்காரும் மேசையில் பாதிப் பொருள் அவருக்குப் புதிது.

ஜெல் காற்றில் காயாது. அதில் கலந்திருக்கும் ஃபோட்டோ இனிஷியேட்டர் என்ற பொருள் தனக்கு உரிய அலைநீளத்தில் ஒளியை வாங்கினால்தான் வினை தொடங்கும். சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். பழைய யு.வி. லேம்பில் 9 வாட் குழல்விளக்கு நான்கு, ஆக 36 வாட். ஒரு கோட்டுக்கு இரண்டு நிமிடம் கை உள்ளே இருக்க வேண்டும். எல்.இ.டி. லேம்பில் பெரும்பாலும் 30 அல்லது 60 விநாடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் இரண்டும் தரும் ஒளி ஒன்றே அல்ல. பரணில் கிடந்த பழைய லேம்பை இறக்கித் துடைத்து, புது ஜெல்லை அதில் காட்டினால், மேலே தொட்டுப் பார்க்கையில் காய்ந்த மாதிரிதான் இருக்கும். நகத்தை ஒட்டிய அடிப்பகுதி அரைவேக்காடாக நின்றுவிடும். குழல்விளக்கில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. அது தேய்ந்த பிறகும் நீல வெளிச்சம் மட்டும் குறையாமல் தெரியும். ஜெல்லை இறுக்கும் கதிர்வீச்சு போயிருக்கும். வாட் எண்ணிக்கையைப் பார்த்து லேம்ப் வாங்குவதும் பயன் தராது. ஜெல் தயாரித்தவர் எந்த லேம்பில், எத்தனை விநாடி என்று சொல்கிறாரோ அதுதான் கணக்கு.

அரைவேக்காட்டு ஜெல்லில் கோத்துக்கொள்ளாமல் மிச்சமிருக்கும் சின்ன மூலக்கூறு, அதாவது மோனோமர்தான் தோலுக்கு எமன். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2012ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இந்த மோனோமர்களின் குடும்பமான அக்ரிலேட்டுகளை அறிவித்தது. 2018இல் பிரிட்டன் தோல் மருத்துவர் சங்கமும் நகப் பொருட்களால் வரும் அலர்ஜி பற்றி எச்சரித்தது. வாடிக்கையாளர் மாதத்துக்கு ஒருமுறை தொடுவதை டெக்னீசியன் தினமும் தொடுகிறார். திரும்பி வருபவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. வேலையை விடுவதற்கு முந்தைய மாதங்களில் விரல் நுனியில் தோல் உரிந்ததா, வெடிப்பு விட்டதா, நகக்கண் ஓரம் அரித்ததா, காரணம் தெரியாமல் கண்ணிமை வீங்கியதா? வேலையை விட்டதும் அதெல்லாம் ஆறியிருக்கும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மறந்தும் போயிருப்பார். ஆறியது புண் மட்டுமே. இவ்வகை ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் பதிந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்க இருக்கும், ஐந்து வருட ஓய்வெல்லாம் அதை அழிக்காது. திரும்பிய முதல் வாரத்திலேயே முன்னைவிட மோசமாகக் கிளம்பலாம். அக்ரிலேட் அலர்ஜி உள்ளவர்களுக்குப் பின்னாளில் பல் அடைக்கும் பொருளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பது இன்னொரு வினை. பல் மருத்துவரிடமிருந்து வந்தது அவரிடமே போய் நிற்கிறது. எனவே பழைய அறிகுறி இருந்தவர்கள் எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டும் முன் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட், அதாவது பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை, செய்துகொள்வது நல்லது. கையுறை போட்டால் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. லேடெக்ஸ் கையுறையை மெத்தாக்ரிலேட் சுலபமாகக் கடந்துவிடும். மெல்லிய நைட்ரைல் கையுறையும் சில நிமிடமே தாங்கும். ஜெல் பட்டால் உடனே மாற்ற வேண்டும்.

இந்த ஒவ்வாமையை முன்னிட்டே ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதி கொண்டுவந்து, ஹீமா என்ற மோனோமர் கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்தலாம், அலர்ஜி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2021இலிருந்து நடைமுறைப்படுத்தியது. டி.பி.ஓ. என்ற ஃபோட்டோ இனிஷியேட்டரை, இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிக்கலாம் என்ற வகைப்பாட்டின் அடிப்படையில், 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்தது. கடையில் மிச்சமிருந்ததைக்கூட வாடிக்கையாளருக்குப் போடக் கூடாது. ஐரோப்பியச் சட்டத்துக்கும் ஆழ்வார்பேட்டை பார்லருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சட்டப்படி ஒன்றுமில்லை. ஆனால் ஐரோப்பாவுக்கும் விற்கிற நிறுவனங்கள் தங்கள் கலவையை மாற்றிவிட்டன, டி.பி.ஓ.வுக்குப் பதில் வேறு இனிஷியேட்டர் வந்திருக்கிறது. பழகிய பிராண்டின் அதே பெயர், அதே நிறக் குப்பி, உள்ளே வேறு கலவை. லேம்ப் நேரமும் மாறியிருக்கக்கூடும். அங்கே விற்க முடியாத சரக்கு தடையில்லாத சந்தைகளில் மலிவு விலைக்கு வரும் சாத்தியத்தையும் ஒதுக்க முடியாது. லேபிளில் உட்பொருள் பட்டியலை வாசிக்கத் தெரிந்தவருக்கு இரண்டும் பிடிபடும்.

இதையெல்லாம் எந்த வாடிக்கையாளர் கேட்கிறார், அவர்களுக்கு வேண்டியது டிசைனும் வேகமும்தானே என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான கேள்வி, முதல் முறை வருபவர் போட்டோவைக் காட்டித்தான் வருகிறார். அவர் மறுபடி வருகிறாரா என்பதை டிசைன் முடிவு செய்வதில்லை. நகம் ஓரத்தில் தூக்கிக்கொண்டது, கழற்றியபின் சொந்த நகம் காகிதமாகிவிட்டது என்பவை அடிக்கடி கேட்கும் புகார்கள். முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் தயாரிப்பிலோ லேம்பிலோ நடந்த பிழை. இரண்டாவதற்குக் காரணம் கழற்றும் அவசரம். அசிட்டோனில் ஊற விட்டால் இளகி வரும் ஜெல்லை, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சுரண்டி எடுத்தால் நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வரும். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். கெட்டுப்போன நகம் முழுதாக மாற ஆறு மாதம் பிடிக்கும். அந்த ஆறு மாதமும் அந்தப் பெண் தன் விரலைப் பார்த்துப் பார்த்து அந்தக் கடையைத் திட்டிக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் கேள்வியே கேட்பதில்லை என்பதும் முழு உண்மை அல்ல. 2023 ஜனவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள், யு.வி. நெயில் லேம்பில் 20 நிமிடம் காட்டிய செல்களில் 20 முதல் 30 சதவீதம் இறந்ததாக வெளியிட்டதிலிருந்து கேன்சர் வருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு நடந்தது கிண்ணத்தில் வளர்த்த செல்களில். அதனால் கேன்சர் வரும் என்று அது நிறுவவில்லை. சந்தேகமிருந்தால் விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொள்ளலாம் என்று நிதானமாகச் சொல்லும் டெக்னீசியன் பக்கம்தான் அந்தப் பெண் சாய்வார்.

கை மறக்காது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, ஜெல்லைத் தேய்த்து எடுக்கும் டிரில். நகத்தின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். ஜெல் முடிந்து நகம் தொடங்கும் இடம் விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. நெடுநாள் கழித்து வருபவர் பயிற்சி டிப்ஸில் கழற்றிக் கழற்றிப் பழகாமல் ஆள் விரலில் டிரில்லை வைக்கக் கூடாது. இதற்கு எதிர்த்தட்டில், இடைவெளி தொடாத ஒன்றும் இருக்கிறது: நோய் நகத்தை அடையாளம் காணும் கண். பச்சை படிந்த நகம், பூஞ்சையால் மஞ்சளாகித் தடித்த நகம், நகச்சுத்தி தொடங்கும் சிவப்பு ஆகியவற்றைப் பார்த்தவுடன், இன்றைக்குப் பாலிஷ் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லும் துணிச்சல் பல கைகளைப் பிடித்த பிறகே வரும். சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய ஊரில், பெடிக்யூருக்கு நீட்டும் காலில் எங்கே பிளேடு படக்கூடாது என்று தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். கருவிச் சுத்தமும் இதில் சேர்ந்தது. நீல விளக்கு எரியும் பெட்டியை ஸ்டெரிலைசர் என்று பல கடைகள் காட்டுகின்றன. உலோகக் கருவிக்கு நம்பகமான ஸ்டெரிலைசேஷன் தருவது, 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது வைக்கும் ஆட்டோகிளேவ்.

கலிஃபோர்னியாவில் மானிக்யூரிஸ்ட் ஆக 400 மணி நேரப் பயிற்சியும் அரசு உரிமமும் வேண்டும். நம் நாட்டில் அப்படி உரிமம் எதுவும் இல்லாததால் நீண்ட இடைவெளி விட்டவரும் நாளைக்கே மேசையில் உட்காரலாம். அரைகுறையாகக் கற்றவரும் உட்காரலாம். சான்றிதழ் வேண்டுமானால் பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டார் ஸ்கில் கவுன்சிலின் பாடத்திட்டங்களும், முன்பே தெரிந்த திறனை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் ஆர்.பி.எல். முறையும் இருக்கின்றன. தனியார் வகுப்பில் சேர்வதானால் டிசைன் எத்தனை என்று கேட்பதைவிட, லேம்ப் பொருத்தமும் கழற்றும் முறையும் ஒவ்வாமையும் சொல்லித் தருகிறார்களா என்று கேட்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதும் அப்படியே: எந்த ஜெல், அதன் லேம்ப் இருக்கிறதா, ஜன்னலோ எக்ஸாஸ்டோ உண்டா, கையுறையைக் கடை வாங்கித் தருமா. 'கேப் விழுந்துடுச்சே, டிரெய்னி சம்பளத்துல ஆரம்பிங்க' என்று முதலாளியம்மா பேரம் பேசினால், டிரில்லுக்கு ஒரு மாதம் வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். அதற்குப் பின்னும் டிரெய்னி சம்பளமே தொடர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.