வயதான நாய்க்கு எவ்வளவு சாப்பாடு?

லாப்ரடார் வளர்க்கும் வீட்டில், நாய்க்கு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு என்று கேட்டால் "ரெண்டு வேளைதான்" என்று பதில் வரும். காலையில் காபியோடு அப்பா பிய்த்துப் போடும் பிஸ்கட், அடுப்படியில் நின்று வாங்கும் தோசையின் கருகிய ஓரம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கையிலிருக்கும் முறுக்கு, ராத்திரி பாட்டியின் தட்டில் மிஞ்சும் தயிர்சாதம், இவை எதுவும் அந்தக் கணக்கில் வராது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஒன்பது வயதில் எங்கள் நாய் 38 கிலோவைத் தொட்டு, மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே படுத்துக்கொண்ட பிறகுதான் நாங்கள் கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம்.

நாய்க்கு வயதாகிவிட்டால் எல்லோரும் கேட்பது "என்ன போடலாம்?" என்றுதான். கறியா, சோறா, கடையில் விற்கும் டாக் ஃபுட்டா என்று அந்தப் பேச்சு நீளும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "எவ்வளவு போடலாம்?" என்பது. நாயின் ஆயுளைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிக வலுவான ஆய்வு இந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. ஆய்வில் இருந்தவையும் லாப்ரடார்களே.

1987-ல் அமெரிக்காவின் பூரினா நிறுவன ஆய்வாளர்கள் 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஈற்றில் பிறந்தவற்றில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று எடை பார்த்து ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு வழக்கமான அளவு. மற்றதற்கு அதே தீனியில் 25 சதவீதம் குறைவு. எட்டு வாரக் குட்டிகளாக இருந்தபோது தொடங்கிய இந்த ஏற்பாடு அவற்றின் ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. முடிவு 2002-ல் வெளியானது. வழக்கமான அளவு சாப்பிட்டவற்றில் பாதி 11.2 வயதுக்குள் இறந்துவிட்டன. குறைவாகச் சாப்பிட்டவற்றில் பாதி 13 வயதைத் தாண்டின. வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு வருடம். மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதிலோ மூன்று வருட வித்தியாசம். நன்றாகச் சாப்பிட்டவற்றுக்கு 10.3, மற்றவற்றுக்கு 13.3. நாய்த்தீனி விற்கும் கம்பெனியே காசு போட்டு, குறைத்துப் போடுங்கள் என்று நிரூபித்தது என்பது இதில் ஒரு வேடிக்கை.

இதைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதிகம் சாப்பிட்ட கூட்டத்தை ஆயுள் முழுக்கக் கண்டபடி தின்னவிடவில்லை. மூன்று வயதுக்குப் பிறகு அவற்றுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அவை உருண்டு திரண்ட நாய்கள் அல்ல. நம் தெருவில் நடந்து போனால் "நல்லா வளர்த்திருக்காங்க" என்று பாராட்டு வாங்கும் நாய்கள். ஒல்லியான மற்ற கூட்டத்தைப் பார்த்தால் நம் பாட்டிமார் "வாயில்லா ஜீவனை இப்படிப் பட்டினி போடறீங்களே" என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். நமக்கு அழகாகத் தெரியும் உடம்பும் நாய்க்கு நல்ல உடம்பும் வேறுவேறு என்பதுதான் சிக்கல்.

பத்து வயதில் குறைக்கத் தொடங்கினால் இரண்டு வருடம் கூடுமா? அப்படிச் சொல்ல முடியாது. அந்த நாய்கள் குட்டியிலிருந்தே அளவோடு வளர்ந்தவை. ஆனால் ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், உடல் எடையில் 6 சதவீதம் குறைந்ததுமே நடை தெளிந்தது தெரிந்திருக்கிறது. 38 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். எங்கள் நாய் 32 கிலோவுக்கு இறங்க ஐந்து மாதம் ஆனது. வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கஷ்டம் நமக்குத்தான். அந்தக் கண்கள்! லாப்ரடாரின் பசி வெறும் பழக்கமல்ல என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் குழு 2016-ல் காட்டியது. ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடாருக்குப் 'பிஓஎம்சி' என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் வழி அங்கே பழுது. 2024-ல் அதே குழு இன்னொன்றும் கண்டது. இந்தக் குறை உள்ள நாய்கள் சும்மா இருக்கும்போது மற்றவற்றைவிடக் கால்வாசி குறைவாகவே ஆற்றலைச் செலவிடுகின்றன. பசியும் அதிகம், செலவும் குறைவு. ஆகவே தட்டு முன்னால் நின்று அது கெஞ்சுவதை வைத்துச் சாப்பாடு போதவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

எதை வைத்து முடிவு செய்வது? கையை வைத்து. உள்ளங்கையை விரித்து, மறு கை விரலால் புறங்கையின் எலும்புகளைத் தடவுங்கள். நாயின் விலாவைத் தடவும்போதும் அப்படி இருந்தால் சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் எலும்பே தட்டுப்படாவிட்டால் குண்டு. இறுக்கி மூடிய முட்டியின் மொளிபோல் துருத்தினால் மெலிவு. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவை வேட்டைக்கு ஓடப் பிறந்த ஒல்லி இனங்கள். இரண்டு மூன்று விலா எலும்பு வெளியே தெரிவதே அவற்றுக்கு இயல்பு.

அளவுக்கு ஓர் உத்தேசக் கணக்கு சொல்கிறேன். 30 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வயதான நாய்க்கு நாளைக்கு 1200 கலோரி அளவில் போதும். 6 கிலோ பொமரேனியனுக்கு 375 கலோரி. ஒரு சாதா பிஸ்கட் 25 கலோரி என்று வைத்தால், பொமரேனியன் ஆறு பிஸ்கட் தின்றவுடன் நாள் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்துவிடும். நாம் "ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டுவது அதன் உடம்புக்கு ஒரு முழுத் தோசை. தின்பண்டமெல்லாம் சேர்ந்து நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேரட் துண்டு, வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ் கொடுத்துப் பாருங்கள். நாய்க்குக் கையிலிருந்து வாங்குவதில் பாதி சந்தோஷம்.

இதுவரை சொன்னது குறைப்பதைப் பற்றி. குறைக்கவே கூடாதது ஒன்று இருக்கிறது, புரதம். "வயசான நாய்க்குக் கறி, முட்டை போடாதீங்க, கிட்னி போயிடும்" என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் நாய்க்குப் புரதம் கெடுதல் இல்லை. வயதாக ஆக நாயின் தசை கரைகிறது. அதை ஈடுகட்ட இளம் நாயைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு புரதம் தேவைப்படுகிறது. 30 கிலோ நாய்க்கு அது நாளைக்கு 60 கிராம் அளவு. 1200 கலோரியையும் வெறும் சோறாகவே போட்டால் 900 கிராமுக்கு மேல் சோறு போட வேண்டும், கிடைக்கும் புரதமோ 25 கிராம்கூட எட்டாது. முதுகெலும்பு துருத்தி, தொடை சூம்பி, வயிறு மட்டும் தொங்கும் கிழ நாய்களை நாம் பார்த்திருக்கிறோம். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். பல வீடுகளில் அதற்குச் சாப்பாட்டுத் தட்டும் காரணம்.

சோறு நாய்க்கு எதிரி என்றும் பயப்பட வேண்டாம். மனிதனோடு வாழத் தொடங்கிய பிறகு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாய்களிடம் பல படிகளாகப் பெருகியிருக்கிறது. ஓநாயிடம் இரண்டு படி இருந்தால், நாயிடம் முப்பது வரைகூட உண்டு. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் எலும்பில்லாத கோழிக்கறி, முட்டை, முள் எடுத்த மீன் வைத்தால் கணக்கு நேராகும். நான்கு முட்டையும் 150 கிராம் வெந்த கோழிக்கறியும் அந்த 60 கிராமைத் தந்துவிடும். சைவ வீடுகளில் முட்டையாவது அனுமதியுங்கள். அதுவும் ஆகாதென்றால் பனீர், பருப்பு என்று டாக்டரோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். வெறும் தயிர்சாதத்தில் நாயின் முதுமையை ஓட்டிவிட முடியாது.

வீட்டுச் சமையலில் இன்னொரு ஓட்டை கால்சியம். கறியிலும் சோற்றிலும் அது மிகக் குறைவு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்தபோது 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. பாதிக்கு மேல் கால்நடை மருத்துவர்களே எழுதியவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆகவே வீட்டில் சமைப்பவர்கள் கால்சியமும் வைட்டமினும் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைத்தீனி வாங்குபவர்கள் பையின் முன்பக்கம் 'சீனியர்' என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்கு அமெரிக்காவின் தீனித் தரக் குறிப்புகளில்கூடத் தனி வரையறை கிடையாது. பின்பக்கம் திருப்பிப் புரத அளவைப் பாருங்கள்.

"எங்க நாய் பன்னெண்டு வருஷம் சாம்பார் சாதம் தின்னுதான் வாழ்ந்துச்சு" என்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் சாம்பாரில் இரண்டு விஷயம் நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் கொண்டுவிடும். மற்றது புளி. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஏன் ஓரிரு நாளில் சாய்க்கின்றன என்பது நெடுங்காலம் புரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்க விஷமுறிவு மருத்துவர்கள், அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலம் மிக அதிகம் உள்ள பழங்களில் நம் புளியும் ஒன்று. புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களின் விவரமும் பின்னர் வெளியானது. ஒரு கரண்டி ரசத்தில் நாய் செத்துவிடாது. ஆனால் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு பழுதாகும் வரை சாதாரண ரத்தப் பரிசோதனை எதையும் காட்டிக்கொடுக்காது. கிழ நாய்க்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால் அந்தச் சோதனை வேண்டாம். அதன் சோற்றைப் புளி, வெங்காயம் சேர்ப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவையுங்கள். வெந்த கோழி எலும்பும் கூடாது. அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

சாப்பாட்டின் அளவுக்கு அப்பால் செய்யக்கூடியவை சில. மத்தி மீனின் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 மூட்டுவலி உள்ள நாய்களுக்கு உதவுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பற்களைப் பாருங்கள். தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சாப்பிடாமல் போகும் கிழ நாய்க்கு இருப்பது பசியின்மையாக இல்லாமல் ஈறு வலியாக இருக்கலாம். சோற்றை வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழும்பும், மூக்கு மங்கிய நாய்கூட எழுந்து வரும். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். மெதுவான நடை தினமும் வேண்டும். வீட்டில் நாம் சாப்பிடும் வலி மாத்திரையை மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். ஆயுளை நீட்டும் மாத்திரைகளைப் பற்றிச் செய்திகள் வருகின்றன. ராபமைசின் என்ற மருந்தை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வும் நடக்கிறது. அதெல்லாம் முடிந்து வரட்டும்.

கடைசியாக, குறைப்பதிலேயே குறியாக இருந்து எதிர்ப்பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். பெரிய இனங்கள் ஏழு வயதிலும் சின்ன இனங்கள் பத்து, பதினொன்றிலும் முதுமைக்குள் நுழைகின்றன. அதற்குப் பிறகு, நீங்கள் குறைக்காமலே எடை குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை. சிறுநீரகம், சர்க்கரை, புற்று என்று எதுவும் அடியில் இருக்கலாம். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தாலும் அப்படியே. மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைக்கருவியில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறி, உங்கள் எடையைக் கழித்து, தேதியோடு எழுதிவையுங்கள். தூக்க முடியாத நாயென்றால் கிளினிக் தராசில் நிறுத்துங்கள். காரணம் தெரியாமல் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அடுத்த மாதம் வரை காத்திராமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். பிஸ்கட், முறுக்கு, தோசை ஓரம் உட்பட அது தின்பதையெல்லாம் தாளின் பின்பக்கம் எழுதிக் கொண்டுபோனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.