துப்பறியும் நாவலும் விசித்திர மாந்தரும்

துப்பறியும் நாவல்களை வெறும் பொழுதுபோக்கு நூல்களென ஒதுக்குவார் பலர். குற்றவாளி யாவன் என்பது வெளிப்பட்டபின் அந்நூலாற் பயன் யாது என்பது அவர் வினா. மர்மம் அவிழ்ந்த பின்னரும் மீட்டும் படித்து இன்புறத்தக்க நூல்கள் சில உள. அவற்றுள் ஒன்று வில்க்கி கொலின்ஸ் இயற்றிய ‘சந்திரகாந்தம்’. சாள்ஸ் டிக்கன்ஸ் நடாத்திய வார இதழில் 1868ஆம் ஆண்டு தொடர்கதையாக வெளிவந்த இதனை ரி. எஸ். எலியற், ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுள் முதலாவதென்றும் தலைசிறந்ததென்றும் பாராட்டினார்.

1799இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தபோது, ஆங்கிலப் படையாளன் ஒருவன் காவலர் குருதி சிந்தக் கவர்ந்த மஞ்சள் வைரமே கதையின் கரு. 1848இல் யோக்சயர்க் கடற்கரை மாளிகையொன்றில் இளநங்கை ஒருத்திக்கு அது பிறந்தநாட் பரிசாகக் கிடைக்கின்றது. அன்றிரவே மறைந்து போகின்றது. கொலையோடு வந்த அவ்வைரம் ஈற்றிலும் ஒரு கொலைக்கே காரணமாகின்றது.

நிகழ்ந்தவற்றை ஒருவரே உரையாது, பலர் தத்தமக்குத் தெரிந்தமட்டிற் கூறுகின்றனர். முதிய காரியத்தர் பெற்றறெட்ஜ், ‘றொபின்சன் குறூசோ’வை வேதம்போற் போற்றி, ஐயம் நேருந்தோறும் அதனைப் பிரித்துக் குறிபார்ப்பவர். கிளாக் என்னும் மங்கை, சமயத் துண்டுப்பிரசுரங்களைப் பிறர் இல்லத்தில் ஆங்காங்கே ஒளித்து வைப்பவர். துப்பறிவாளர் கஃப்போ, விசாரணைக்கு நடுவே ரோசாச் செடிபற்றித் தோட்டக்காரனோடு வாதிடுபவர். இவர்தம் விசித்திர இயல்புகள் நகை விளைப்பன. ஆயினும் நகைக்காக மட்டும் அமைந்தனவல்ல. கூறுவோர் மனச்சாய்வை நீக்கியே கூற்றின் உண்மையைக் காணவேண்டும். இங்ஙனம் வாசகனும் நீதிபதியாகின்றான்.

அந்நீதிபதிக்குச் சோதனையாக வருபவன், வைத்தியரின் உதவியாளன் எஸ்ரா ஜெனிங்ஸ். அவன் தலைமயிர் கருமையும் வெண்மையும் திட்டுத்திட்டாய்க் கலந்தது. பழைய அபவாதமொன்றைச் சுமந்து, நோய் பொறாது அபினி உண்ணும் அவனை ஊரார் விரும்பிலர். அவனைக் கண்டதும் நாமும் ஐயுறுகின்றோம். ஆனால், மர்மத்தின் திறவுகோலைக் கண்டு நிரபராதி ஒருவனின் பழியைத் துடைப்பவன் அவனே. உண்மைக் கள்வனோ உலகம் மெச்ச வாழ்பவன். நூலைப் படியாதார் இன்பங் கெடாவண்ணம் அவன் பெயரை ஈண்டுக் கூறாது விடுகின்றேன். நூலை எழுதிய காலத்திற் கொலின்சும் மூட்டுவாதத்தால் வருந்தி அபினிக் கலவை உட்கொண்டவர். ஜெனிங்ஸ்பால் அவர் காட்டும் பரிவுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

வகுப்பறையில் ஒரு பொருள் காணாமற் போயின், ஆசிரியர் கண் முதலிற் செல்வது எவன்மேல்? கந்தலுடையான்மேலோ, எவரோடும் சேராது தனித்திருப்பான்மேலோ அன்றோ? இந்நூலை மறுமுறை படிக்குங்கால் விசாரிக்கப்படுவது நம் நெஞ்சமே. அம்பு நேரியதாயினும் கொடியது, யாழ் வளைந்ததாயினும் இனியது; ஆதலின் மாந்தரைச் செயலால் அளக்க என்றார் வள்ளுவர். அவ்வுண்மையைக் கதையின்பத்தோடு உணர்த்தும் நூலைப் பொழுதுபோக்கென்று தள்ளுதல் தகுமோ?