கம்பி இல்லாமல் எல்லை அறியும் ரோபோ புல்வெட்டி

“டீச்சர், அந்த ரோபோ பக்கத்து வீட்டுக்குப் போகாமல் எப்படித் திரும்புகிறது?”

காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, படிவம் 4 மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அந்தத் தோட்டத்தில் வேலி இல்லை, தரையில் கோடும் இல்லை. ஆனாலும் ரோபோ ஓரம் வந்ததும் திரும்பிவிடுகிறது.

முன்பு இந்த வேலையைக் கம்பி செய்தது. புல்தரையின் ஓரம் முழுவதும் மெல்லிய கம்பியைப் புதைத்து, அதில் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். ரோபோவின் உணரி அதை அறிந்து திரும்பும். மண்வெட்டி பட்டுக் கம்பி அறுந்தால் வேலை நின்றுவிடும்.

கம்பியில்லா ரோபோக்களில் பல, வானத்தை நம்புகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. ஒளியின் வேகத்தில் வரும் சமிக்ஞை, ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் கடந்துவிடும். வழியில் வளிமண்டலம் அதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் தவறுகிறது. வழி தேட அது போதும். சுழலும் கத்திக்குப் போதாது. 3 மீட்டர் தவறினால் ரோபோ சாலைக்கே போய்விடலாம்.

இந்தப் பிழையை எப்படி நீக்குவது? ஆய்வுக்கூடத் தராசை நினைத்துப் பாருங்கள். 100 கிராம் எடைக்கல்லை வைத்தால் 103 என்று காட்டுகிறது. பிழை 3 கிராம் என்று தெரிந்துவிட்டது. இனி ஒவ்வொரு அளவிலும் 3-ஐக் கழித்தால் போதும். ரோபோவுக்கான ‘எடைக்கல்’, வீட்டின் திறந்தவெளியில் அசையாமல் நிற்கும் ஓர் ஆண்டெனா. அதன் இடம் நிலையானது. எனவே செயற்கைக்கோள் கணக்கு எவ்வளவு தவறுகிறது என்று அதற்குத் தெரியும். அருகிலுள்ள ரோபோவுக்கும் ஏறத்தாழ அதே பிழைதான். ஆண்டெனா திருத்தத்தை வானொலி வழியே அனுப்ப, ரோபோ கழித்துக்கொள்கிறது. இம்முறைக்கு ஆர்டிகே என்று பெயர்.

இதில் அலையின் உதவியும் உண்டு. ஜிபிஎஸ் அலை ஒன்றின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் = வேகம் ÷ அதிர்வெண். கணக்கிட்டால் சுமார் 19 சென்டிமீட்டர் வரும். அந்த அலையின் சிறு பகுதியைக்கூட அளக்க முடிவதால், பிழை 2 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது.

முதல் நாள் மட்டும், உரிமையாளர் கைப்பேசியால் ரோபோவைத் தோட்டத்தின் ஓரமாக ஒருமுறை ஓட்டிக் காட்டுவார். ரோபோ அந்தப் பாதையை எல்லையாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

மாமர நிழலிலும் உயரமான சுவர் அருகிலும் சமிக்ஞை தடைபடும் அல்லது பட்டுத் தெறிக்கும். ஆகவே சில ரோபோக்களில் கேமராவோ, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரோ சேர்க்கப்படுகிறது.

ஆனால், எல்லை எது என்று தெரிந்த ரோபோவுக்கு, எல்லைக்குள் என்ன இருக்கிறது என்று எப்போதும் தெரிவதில்லை. ஐரோப்பாவில் இரவில் இரை தேடும் முள்ளெலிகள், ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டு கிடக்கும். அவை கத்தியில் சிக்குவதால், ஜெர்மனியின் கோலோன் நகரம் 2024-இல் ரோபோ புல்வெட்டிகளை இரவில் இயக்கத் தடை விதித்தது. நம் தோட்டத்திலும் தவளை, அரணை, பூனைக்குட்டி உண்டு. பகலில் மட்டும் இயக்குங்கள். முதலில் புல்தரையைச் சுற்றிப் பாருங்கள். சிறு பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். தூக்கினால் கத்தி தானே நிற்கும் வசதி இருந்தாலும், மின்சாரத்தை முழுமையாக அணைக்காமல் அடியில் கை வைக்கக் கூடாது.

இன்று மாலை ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியின் வரைபடத்தைத் திறந்து முதலில் திடலின் நடுவிலும், பிறகு உயரமான சுவரை ஒட்டியும் நில்லுங்கள். நீலப் புள்ளி எங்கே அதிகம் தடுமாறுகிறது? அந்த மாணவரின் கேள்விக்கான விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.