முதுமையில் பெருகுவது பக்தியா, தனிமையா?

யாழ்ப்பாணத்து ஆலயங்களில் கந்தபுராண படனம் நடைபெறும்போது அமர்ந்து கேட்போரில் பலர் நரைத்த தலையினரே. பள்ளிவாசல்களில் சுபஹுத் தொழுகைக்குத் தவறாது வருவோரிலும் முதியோர் பலர். வயது ஏறுந்தோறும் இறைபக்தியும் ஏறும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியமைக்கு இக்காட்சிகளே காரணம்.

எனினும், உலகளாவிய ஆய்வு இதனை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. பியூ ஆய்வு நிலையம் 106 நாடுகளின் தரவுகளை ஒப்புநோக்கி 2018 இல் அறிக்கை வெளியிட்டது. சமயம் தமக்கு மிக முக்கியம் எனக் கூறியோரின் விகிதம், 46 நாடுகளில் 40 வயதுக்குக் குறைந்தோரிடையே குறைவாயிருந்தது. 58 நாடுகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேறுபாடு உள்ள இடங்களிலும் அது முதுமையின் விளைவா, அவர்கள் வளர்ந்த காலத்தின் விளைவா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. இன்றைய முதியவர் தம் இளமையிலேயே சமயப்பற்றுடையவராக இருந்திருக்கலாம்.

சமயங்களும் பக்தியை முதுமைக்கென ஒதுக்கவில்லை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 இல் பிரசங்கத்தைத் தொடங்கியபோது ஆறுமுக நாவலருக்கு வயது 25. இஸ்லாத்தில் தொழுகையும் நோன்பும் பருவமடைந்தது முதலே கடமை. முதுமையிலோ சலுகை உண்டு. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். நோன்பு நோற்க இயலாத முதியவர் ஈடாக ஏழைக்கு உணவளிக்கலாம்.

அவ்வாறாயின் முதுமையில் கூடுவது யாது? ஓய்வு கூடுகிறது, இழப்பும் கூடுகிறது. குடாநாட்டில் இவ்விழப்பு இயற்கையானது மட்டுமன்று. போரினால் பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றுவிட, வீட்டில் எஞ்சியோர் பெற்றோரே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினர், 2009 இல் போர் முடிவுற்ற பின்னர் சோனகதெருவுக்குத் திரும்பினர். அவர்களுள் மூத்தோருக்குப் பள்ளிவாசல் தொழுமிடம் மட்டுமன்று. சிதறிய அயலவரை மீளச் சந்திக்கும் இடமுமாகும்.

ஆகவே, ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் முதியோர் நாடுவது இறைவனை மட்டுமன்று, மனிதரையும் என்பதை நாம் உணர வேண்டும். ஆசிரியையாயிருந்த தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) தமது பிற்காலத்தில் தெல்லிப்பழை துர்க்காதேவி ஆலயத்தை ஆதரவற்ற சிறுமியரின் புகலிடமாகவும் ஆக்கினார். வழிபாட்டிடம் மனிதரைத் தாங்கும் இடமாகவும் விளங்க முடியும் என்பதற்கு இது சான்று. தாயை ஆலய வாசலில் இறக்கிவிடுவதோடு பிள்ளையின் கடமை முடிந்துவிடாது. அவர் திரும்பி வரும்போது வீட்டில் பேசுவதற்கு ஒருவர் இருக்க வேண்டும்.