வில்லன்கள் ஏன் விழுந்தே சாகிறார்கள்?

ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படங்களில் வில்லனை யாரும் கொல்வதில்லை. அவனாகச் செத்துப்போகிறான். 1989-இல் வந்த டிம் பர்ட்டனின் 'பேட்மேன்' படத்தில் ஜோக்கர் ஹெலிகாப்டர் ஏணியைப் பிடித்துத் தப்பிக்கப் பார்ப்பான். பேட்மேன் கயிறு வீசி அவன் காலைக் கட்டடத்தின் கற்சிலையோடு கட்டிவிடுவான். சிலை பெயர்ந்து தொங்க, பாரம் தாங்காமல் ஜோக்கர் கீழே போவான். 1995-இல் 'பேட்மேன் ஃபாரெவர்' வந்தபோது டூ-ஃபேஸ் சுண்டிய நாணயத்தோடு இன்னும் ஒரு பிடி நாணயத்தைப் பேட்மேன் வீசினான். பதறிப் பிடிக்கப் போனவன் தடுமாறி விழுந்தான். 2002-இன் 'ஸ்பைடர்மேன்' படத்தில் க்ரீன் காப்ளின் தன் பறக்கும் வண்டியைப் பின்னாலிருந்து ஏவுகிறான். ஸ்பைடர்மேனான பீட்டர் துள்ளி விலக, அது ஏவியவன் வயிற்றிலேயே பாய்கிறது. விலகுவது குற்றமா என்ன?

ஊரைக் காப்பாற்றியவன் கையில் கறை படியக் கூடாது. அதே சமயம் டிக்கெட் வாங்கியவனுக்கு வில்லன் செத்த நிம்மதியும் வேண்டும். இரண்டையும் ஒரே காட்சியில் கொடுக்கத் திரைக்கதை எழுதுகிறவர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்த விழுதல். சட்டத்தின் பார்வையில் பேட்மேன் தப்பிப்பானா என்று எனக்குச் சந்தேகம். தியேட்டரில் எப்போதும் தப்பித்துவிடுகிறான்.

பழக்கம் சினிமாவுக்கும் முந்தியது. 1939 மே மாத இதழில் வெளியான பேட்மேனின் முதல் கதையிலேயே அவனிடம் குத்து வாங்கிய குற்றவாளி அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான். அவனுக்கு ஏற்ற முடிவுதான் என்று பேட்மேன் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். அடுத்த வருஷம் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்தான். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டு, இனி துப்பாக்கி கிடையாது, கொலை கிடையாது என்று கறாராகச் சொன்னார். இன்று பேட்மேன் ரசிகர்கள் வேதம் போல மேற்கோள் காட்டும் 'கொல்லாமை' ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்த விதி. வாசகர்கள் சின்னப் பிள்ளைகள், பெற்றோர் சும்மா விடமாட்டார்கள் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. அந்தக் கவலை வீண்போகவில்லை. 1954-இல் காமிக்ஸ் புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா என்று அமெரிக்க செனட் குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள்.

சினிமாவில் அந்த வேலையைச் செய்தது பிஜி-13 சான்றிதழ். 1984 மே மாதம் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' படத்தில் உயிரோடு இருப்பவனின் நெஞ்சுக்குள் கையை விட்டு இதயத்தைப் பிடுங்கும் காட்சி பெற்றோரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோடையிலேயே புதிய சான்றிதழ் அமலுக்கு வந்தது. பதின்மூன்று வயதுப் பையன் தனியாக வந்து பார்க்கலாம் என்பதால் பெரிய பட்ஜெட் படங்கள் இந்தச் சான்றிதழுக்காகவே எழுதப்படுகின்றன. எத்தனை பேரை வேண்டுமானாலும் அடிக்கலாம், ரத்தத்தை மட்டும் பார்த்துக் காட்ட வேண்டும். 'த டார்க் நைட்' படத்தின் பென்சில் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜோக்கர் மேஜையில் ஒரு பென்சிலைக் குத்தி நிறுத்துகிறான், பிடிக்க வந்த அடியாளின் தலையை அதன்மேல் மோதுகிறான், பென்சிலைக் காணோம். மேஜையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தியேட்டரே சிரித்தது.

அந்தப் படத்தை எடுத்த கிறிஸ்டோபர் நோலனுக்கு விழுதலின் மீது ஒரு கண் இருந்திருக்க வேண்டும். 2005-இல் 'பேட்மேன் பிகின்ஸ்' க்ளைமாக்ஸில் ராஸ் அல் கூலை ஓடும் ரயிலில் விட்டுவிட்டு பேட்மேன் பறந்துபோகிறான். கொல்லமாட்டேன், காப்பாற்ற வேண்டும் என்ற கட்டாயமும் எனக்கு இல்லை என்பது அவன் வாதம். நல்ல வக்கீல்! 2008-இல் நோலனே அந்த வாதத்தைக் கைவிட்டார். உயரத்திலிருந்து ஜோக்கர் சிரித்துக்கொண்டே விழ, பேட்மேன் கயிறு வீசி அவனைப் பிடித்து மேலே இழுக்கிறான். தலைகீழாகத் தொங்கும் ஜோக்கரின் முகம் நேராகும்படி கேமராவும் மெல்லத் திரும்புகிறது. தன்னைக் கொல்லவைப்பதுதான் ஜோக்கரின் ஆசை, அது நிறைவேறவில்லை. ஆனால் சில நிமிடம் கழித்து, போலீஸ் அதிகாரி கார்டனின் மகனைக் காப்பாற்றப் பாய்ந்த பேட்மேன், கொலைகாரனாக மாறிய நண்பன் ஹார்வி டென்டை மாடியிலிருந்து தள்ளிவிடுகிறான். டென்ட் சாகிறான். பைத்தியக்காரனைக் காப்பாற்றிய கைதான் நண்பனைக் கொல்கிறது. டென்ட் செய்த கொலைகளையும் தன் தலையில் போட்டுக்கொண்டு அவன் ஓட, பின்னால் நாய்கள் துரத்துகின்றன. விழுந்தவனுக்காக நாயகன் விலை கொடுத்த முதல் பெரிய படம் என்று இதைச் சொல்லலாம்.

சூப்பர்மேன் விஷயம் வேறு. அவனுடைய பலத்துக்குக் கைகலப்பே அநியாயம். 1980-இன் 'சூப்பர்மேன் 2' படத்தில், பலத்தைப் பிடுங்கிய பிறகு ஜெனரல் ஸாடை அவன் தூக்கி எறிய, ஸாட் பனிப்பிளவுக்குள் சரிந்து மறைகிறான். என்ன ஆனான் என்று படம் சொல்லவில்லை. போலீஸ் வந்து அழைத்துப்போகும் காட்சி ஒன்றை எடுத்துத்தான் இருந்தார்கள். தியேட்டருக்கு வந்த படத்தில் அது இல்லை.

அதே ஸாட் 2013-இல் ஸாக் ஸ்னைடரின் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் திரும்பி வந்தான். மெட்ரோபோலிஸ் பாதி தரைமட்டமான பிறகு, ரயில் நிலையத்தில் கடைசிச் சண்டை. சூப்பர்மேன் பின்னாலிருந்து ஸாடின் கழுத்தை முழங்கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறான். ஸாடின் கண்ணிலிருந்து கிளம்பும் நெருப்புக் கதிர் சுவரை அறுத்துக்கொண்டே, மூலையில் ஒடுங்கி நிற்கும் ஒரு குடும்பத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்கிறது. நிறுத்து என்று கெஞ்சுகிறான் சூப்பர்மேன். மாட்டேன் என்கிறான் ஸாட். கழுத்தை முறிக்கும் சத்தம். பிறகு சூப்பர்மேன் மண்டியிட்டு அலறுகிறான்.

தயாரிப்பாளராக இருந்த நோலனே முதலில் இந்தக் காட்சிக்கு ஒப்பவில்லை. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சூப்பர்மேன் கொல்லலாமா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. எனக்குக் கொலையைவிட அடுத்த காட்சிதான் உறுத்துகிறது. அலறல் அடங்கியதும் பகல் வெளிச்சம். தன்னை வேவு பார்த்த டிரோனை உடைத்து ஜெனரலின் முன்னால் போட்டுக் கேலி பேசுகிறான் சூப்பர்மேன். பக்கத்தில் நின்ற பெண் அதிகாரி அவன் அழகாக இருப்பதாகச் சொல்லிச் சிரிக்கிறார். பிறகு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை வேலையில் சேருகிறான். ஒரு உயிரை எடுத்த துக்கம் ஒரு ரீல்கூடத் தாங்கவில்லை. 1988-இல் ஜான் பைர்ன் எழுதிய காமிக்ஸில் சூப்பர்மேன் மூன்று கிரிப்டான் குற்றவாளிகளைக் கொன்றான். அந்தக் குற்ற உணர்வில் அவன் மனம் சிதைந்து, பூமியில் இருக்கத் தகுதியில்லை என்று தன்னையே நாடுகடத்திக்கொண்டு விண்வெளியில் அலைந்தான். மாதாமாதம் வரும் இதழுக்கு அந்த அவகாசம் இருந்தது.

2025-இல் ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. ராட்சத மிருகத்தோடு சண்டை நடக்கும்போது நடுவில் ஒரு அணிலைக் காப்பாற்றி ஓரமாக விடுகிறான். அந்த மிருகத்தையும் கொல்லாமல் பிடிக்கலாமே என்று சக வீரர்களிடம் மன்றாடுகிறான். அருமை. க்ளைமாக்ஸில் அவன் உருவத்திலேயே செய்யப்பட்ட அல்ட்ராமேன் என்ன ஆகிறான்? கருந்துளைக்குள் விழுகிறான். அணிலுக்குக் கிடைத்த கரிசனம் அவனுக்கு இல்லை.

நடுவே 2016 என்று ஒரு வருஷம். மார்ச்சில் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்', மே மாதம் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்'. இவற்றை எடுத்த இரண்டு கம்பெனிகளும் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டன: இடிந்த கட்டடங்களுக்குள் யார் இருந்தார்கள்? முதல் படம் மெட்ரோபோலிஸ் அழிவைத் தெருவிலிருந்து காட்டித் தொடங்கியது. புழுதிக்குள் ஓடும் பேட்மேனான புரூஸ் வேய்னும், கால்களை இழந்த அவனுடைய ஊழியரும் மனதில் நிற்கிறார்கள். பிறகு படமே பயந்துவிட்டது. கடைசிச் சண்டையின்போது, அலுவலக நேரம் முடிந்து நகரின் மையப்பகுதி ஏறக்குறைய காலியாக இருப்பதாக டிவி செய்தியில் சொல்கிறார்கள். சண்டை நகர்ந்துபோகும் தீவிலும் ஆளில்லை, துறைமுகமும் கைவிடப்பட்டது என்கிறார்கள். இடிப்பதற்கு முன்னால் வாங்கிய தடையில்லாச் சான்றிதழ்கள்!

'சிவில் வார்' இன்னும் நிதானமாக யோசித்தது. மாணவர்கள் முன் பேசிவிட்டு வரும், அவெஞ்சர்களில் ஒருவனான டோனி ஸ்டார்க்கை லிஃப்ட் அருகே ஒரு தாய் வழிமறிக்கிறார். அலறவில்லை. மகனின் புகைப்படத்தை எடுத்து அவன் மார்பில் வைத்து அழுத்துகிறார். பெயர் சார்லி ஸ்பென்சர். படிப்பை முடித்து வேலையும் உறுதியாகி, அதில் சேருமுன் ஏழைகளுக்கு வீடு கட்டித்தர சோகோவியா நாட்டுக்குப் போன பையன். முந்தைய படத்தில் அவெஞ்சர்கள் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டடம் அவன்மேல் இடிந்தது. 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' க்ளைமாக்ஸில் மக்களை வெளியேற்றும் காட்சிகளையே நிறைய வைத்திருந்தார்கள், அப்படியும் ஒரு சார்லி விட்டுப்போயிருக்கிறான். 117 நாடுகள் சேர்ந்து கொண்டுவரும் ஒப்பந்தம், ஸ்டார்க்குக்கும் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸுக்கும் பிளவு, விமான நிலையச் சண்டை எல்லாம் பிறகு வருபவை.

இந்தப் படத்தின் வில்லனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. ஸீமோவின் அப்பாவும் மனைவியும் மகனும் சோகோவியாவில் இறந்தவர்கள். இரண்டு நாள் இடிபாடுகளைத் தோண்டிய பிறகுதான் மூவரும் கட்டிப்பிடித்தபடி கிடைத்தார்கள். அவன் மனைவியின் குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அவன் திட்டம் எளிது: தன்னால் அடிக்க முடியாதவர்களை ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள வைப்பது. அது பலித்த பிறகு தற்கொலைக்குத் துணிகிறான். தன் தந்தையைக் கொன்றவன் இவன்தான் என்று தெரிந்தும் சூப்பர்ஹீரோ டி'சால்லா அவன் துப்பாக்கியைத் தடுத்து உயிரோடு பிடிக்கிறான். மார்வெல் படங்களில் வன்முறையின் கணக்கை இவ்வளவு நேர்மையாக எழுதிய இன்னொரு அரைமணி நேரம் இல்லை. ஆனால் அடுத்த பெரிய அச்சுறுத்தல் வந்ததும், 2018-இன் 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் அவெஞ்சர்களில் ஒருவனான ரோட்ஸ், ஒப்பந்தத்தை வற்புறுத்தும் அமைச்சரின் திரைவழி அழைப்பைப் பாதியில் துண்டிக்கிறான். 117 நாட்டு ஒப்பந்தம் அத்தோடு சரி.

பழைய மரணங்களை மறுவிசாரணைக்கு எடுத்த படம் ஒன்று உண்டு. 2021-இன் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்'. முந்தைய படங்களின் வில்லன்களில் சிலர் சாவதற்குச் சற்று முன்னால் இழுக்கப்பட்டு இந்த உலகத்துக்கு வருகிறார்கள். திருப்பி அனுப்பிவிடு, செத்துப்போவது அவர்கள் விதி என்கிறான் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச். குணப்படுத்தி அனுப்பலாமே என்கிறார் மே அத்தை. அந்த நல்லெண்ணத்துக்கு விலையாக க்ரீன் காப்ளின் கையில் அவரே சாகிறார். வெறிபிடித்த பீட்டர் காப்ளினை அடித்துப் போட்டு, அவனுடைய பறக்கும் வண்டியாலேயே அவனைக் குத்த ஓங்குகிறான். 2002-இல் காப்ளினைக் கொன்ற ஆயுதம்! குறுக்கே வந்து அதைத் தாங்கிப் பிடிப்பது 2002-இன் ஸ்பைடர்மேனான டோபி மக்வயர். ஒரு வார்த்தை பேசுவதில்லை. சூரனை வதம் செய்த பிறகும் மயிலும் சேவலுமாக்கித் தன்னோடு வைத்துக்கொண்ட முருகனின் கதையில் வளர்ந்த நமக்கு இந்த முடிவு புதிதல்ல. ஹாலிவுட்டுக்கு அதற்கு மூன்று ஸ்பைடர்மேன்கள் தேவைப்பட்டார்கள்.

ரத்தத்தைக் காட்டிவிட்டால் விளைவைக் காட்டியதாகிவிடும் என்று ஒரு கட்சி உண்டு. 2019-இல் தொடங்கிய 'த பாய்ஸ்' தொடரின் முதல் அத்தியாயம் அந்தக் கட்சிக்கு நல்ல சாட்சி. மின்னல் வேகத்தில் ஓடும் சூப்பர்ஹீரோ ஒருவன் நடுவில் நின்ற பெண்ணைக் கடந்து போகிறான். அவள் காதலன் கையில் அவளுடைய இரண்டு கைகள் மட்டும் மிச்சம். இழப்பீடாக அந்த ஹீரோவின் கம்பெனி 45,000 டாலர் தருகிறது, வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்தும் கேட்கிறது. அந்தக் காசோலை அந்தக் கோரத்தைவிட அதிகம் சொன்னது. போகப்போகத் தலைகள் வெடிப்பதே தொடரின் நகைச்சுவையாகிவிட்டது.

ஜேம்ஸ் மேங்கோல்டின் 'லோகன்' (2017) வேறு ரகம். 2000-இல் வந்த முதல் 'எக்ஸ்-மென்' தொடங்கி ஹ்யூ ஜாக்மனின் வுல்வரின் என்கிற லோகன் விரல்களுக்கிடையே நகம் முளைத்து ஆட்களைக் குத்திக்கொண்டே இருந்தான். திரையில் காயம் தெரியாது. பதினேழு வருஷம் கழித்துத்தான் அந்த நகம் எங்கே நுழைகிறது, எங்கே வெளியே வருகிறது என்று பார்த்தோம். முக்கியமான காட்சியில் ரத்தம் குறைவு. நெடுஞ்சாலையில் சிதறிய குதிரைகளைப் பிடிக்க லோகன் உதவ, விவசாயி வில் மன்சன் அவனையும் கூட வந்தவர்களையும் சாப்பிடக் கூப்பிடுகிறான். தங்களைத் துரத்துகிறவர்கள் வருவார்கள் என்று லோகனுக்குத் தெரியும். கூட வந்த பேராசிரியர் சேவியர் ஒரு ராத்திரியாவது வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை என்று ஆசைப்படுகிறார். அந்த ராத்திரியிலேயே லோகனின் முகத்தோடு உருவாக்கப்பட்ட நகல் ஒன்று வந்து மன்சனின் மனைவியையும் மகனையும் சேவியரையும் கொல்கிறது. குத்துப்பட்ட மன்சன் அதை வண்டியால் மோதிச் சுட்டுச் சாய்க்கிறான். பிறகு துப்பாக்கியை நிஜ லோகனை நோக்கித் திருப்பி விசையை அழுத்துகிறான். தோட்டா தீர்ந்திருந்தது. சோறு போட்டவனுக்கு இரண்டு முகங்களில் எது நல்லது என்று பிரித்துப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. லோகன் வாதாடவில்லை, படமும் அவனுக்காக வாதாடவில்லை.

படத்தின் முடிவில் லோகனைப் புதைத்தார்கள். 2024-இல் 'டெட்பூல் & வுல்வரின்' தொடங்கும்போது டெட்பூல் அந்தக் குழியைத் தோண்டுகிறான். லோகனின் உலோக எலும்புகளை ஒவ்வொன்றாக உருவி, வந்த காவலர்களையெல்லாம் அவற்றாலேயே குத்திக் கிழிக்கிறான், ஒரு பாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டியபடியே. வசூல் 130 கோடி டாலருக்கு மேல்.