ஐ.என்.எஸ். சென்னை: நூறு விநாடிக் கணக்கு

நெமிலி வயல்வெளியில் நிற்பவர்களுக்குக் கடற்படை விமானம் புதிதல்ல. பக்கத்து அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பி-8ஐ விமானங்கள் கடலுக்குப் போய்வருகின்றன. உயரே பறப்பதால் வெகுதூரம் பார்க்கின்றன. கப்பலுக்கு அந்த உயரம் கிடையாது. வான்தாக்குதலிலிருந்து காக்கும் போர்க்கப்பலின் முதல் சிக்கல் அதுதான்.

2016 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னையைப் பாருங்கள்: 164 மீட்டர் நீளம், 7,500 டன். ரேடார் 25 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலையை உரசிக்கொண்டு 5 மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணை ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குள் வந்த பிறகே தென்படும்; அதுவரை பூமியின் வளைவு மறைத்துக்கொள்ளும். விநாடிக்கு 300 மீட்டர் வேகம் என்றால் கையில் இருப்பது 100 விநாடி.

அதனால்தான் இந்தக் கப்பலின் எம்எஃப்-ஸ்டார் ரேடார் சுழல்வதில்லை. கம்பத்தில் பதித்த நான்கு தட்டுகள் நாலாபுறமும் ஓயாமல் பார்க்கின்றன. வரும் ஏவுகணையை வழிமறிக்க இந்தக் கப்பல் ஏவும் பராக்-8 ஏவுகணை செங்குத்தாக எழும்பி, வானில் திசை திரும்பும். அதன் மோட்டார் இரண்டு தவணையாக எரியும். முதல் தவணை வேகம் கொடுக்கும்; மற்றது இலக்கை நெருங்கும்போது பற்றும். இலக்கு நெளிந்து தப்பப் பார்த்தாலும் துரத்தத் தெம்பு மிச்சமிருக்கும். இந்தக் கப்பலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ரேடார் இஸ்ரேலுடையது. ஏவுகணையை இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் இஸ்ரேலும் சேர்ந்து உருவாக்கின. கப்பலைக் கட்டியது மும்பை மசகான் டாக். ஆம்பூரில் தைத்த ஷூ அப்பருக்கு வேறு ஊரில் சோல் ஒட்டலாம், அளவு பொருந்தினால் போதும். இங்கேயோ ஒவ்வொரு கருவியும் மற்றதோடு கணந்தோறும் பேச வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கிறது. இதே வகையின் முதல் கப்பலான ஐ.என்.எஸ். கொல்கத்தா 2014 ஆகஸ்டில் பராக்-8 இல்லாமலேயே பணியில் சேர்ந்தது. அதிலிருந்து அந்த ஏவுகணையை ஏவிப் பார்த்தது 2015 டிசம்பரில்.

பல நாடுகள் சேர்ந்து ஒரே கப்பலைத் திட்டமிடுவது இன்னும் கடினம் என்பதை ஐரோப்பா காட்டியது. எட்டு நேட்டோ நாடுகள் சேர்ந்து திட்டமிட்ட என்எஃப்ஆர்-90 கப்பல், ஆளுக்கொரு தேவை சொன்னதால் வரைபடத்தோடு நின்றது. அடுத்து வந்த ஹொரைசன் திட்டத்திலிருந்து 1999-இல் பிரிட்டன் விலகியது. பிரான்ஸும் இத்தாலியும் மட்டும் தலா இரண்டு கப்பல் கட்டிக்கொண்டன.

ஐ.என்.எஸ். சென்னையை ஓட்டும் கேஸ் டர்பைன்கள் உக்ரைனின் மிகோலாயிவ் நகரத்து நிறுவனத்தின் தயாரிப்பு. அதே கப்பலின் பிரமோஸ் ஏவுகணை இந்தியா ரஷ்யாவோடு சேர்ந்து செய்தது. 2022 முதல் மிகோலாயிவ் மீது ரஷ்ய ஏவுகணைகள் விழுந்திருக்கின்றன.